அரிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு

எனக்கு இருக்கும் நோய் மருத்துவ ஏட்டில் முதலில் ஏறியது ஈரல் நோயாக அல்ல, தோல் நோயாக. 1851-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறிக்கை இதழில் தாமஸ் அடிசனும் வில்லியம் கல்லும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கண்ணிமையிலும் கைகளிலும் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்புத் திட்டுகள் படிந்திருந்த நோயாளிகளைப் பற்றியது அது. அவர்களில் சிலருக்கு நாள்பட்ட காமாலையும் இருந்தது. தோலில் தெரிந்த திட்டுக்குத்தான் இரண்டு பேரும் பெயர் வைத்தார்கள். பின்னால் வந்த ஈரல் மருத்துவர்கள் அந்தக் கட்டுரையைப் புரட்டிப் பார்த்து, இது பித்தநாள நோய் அல்லவா என்று கண்டுகொண்டார்கள்.

நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, திருச்சி உறையூரில் நானும் முதலில் போனது தோல் டாக்டரிடம்தான். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, அரிப்பு மட்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளங்கையில் தொடங்கும். படுக்கப் போகும்போது உள்ளங்காலுக்கு இறங்கும். கொசுக்கடியைச் சொறிந்தால் ஒரு சுகம் உண்டே, அது இதில் கிடையாது. அரிப்பு தோலுக்கு அடியில் எங்கோ இருக்கிறது, நகம் அங்கே எட்டாது. சீப்பால் கீறியிருக்கிறேன். தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறேன். நடுராத்திரியில் கொல்லைப்புறம் போய், சொரசொரப்பான சிமெண்டுத் துவைகல்லில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அம்மிக்கல்லில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் உள்ளங்கையைப் பதித்தால் பத்து நிமிஷம் அடங்கும். காலையில் போர்வையில் ரத்தப் பொட்டுகள் இருக்கும்.

முதலில் சொறி என்றார்கள். வீட்டில் அத்தனை பேரும் கழுத்திலிருந்து பாதம் வரை களிம்பு பூசிக்கொண்டு படுத்தோம். தலையணை உறை வரைக்கும் வெந்நீரில் போட்டு அலசினேன். அது போகவில்லை என்றதும் ஒவ்வாமை என்றார்கள். கத்தரிக்காயும் கருவாடும் வீட்டைவிட்டுப் போயின. அப்புறம், "மாதவிடாய் நிக்கிற வயசு, கொஞ்சம் மனசும் காரணம்மா" என்றார் ஒருவர். முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். காரணம் கேட்டால் மனசைக் காட்டுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் சந்தேகம். வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற எண் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஏறியிருந்ததை ஒரு பொது மருத்துவர் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்களுக்கு ராத்திரியில கை கால் அரிக்குதா?" என்று கேட்டார். நான் சொல்லாமலே அவர் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நோயின் பெயர் பிரைமரி பிலியரி கோலாஞ்சைடிஸ். சுருக்கி பி.பி.சி. என்பார்கள். தமிழில் எழுதினால் லண்டன் வானொலிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ஈரலுக்குள் மயிரிழைபோல் ஓடும் சின்னப் பித்தநாளங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழிக்கிறது. வடிய வழியில்லாமல் பித்தம் தேங்குகிறது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். காமாலை தெரிவதற்குப் பல வருஷம் முன்னாலேயே அரிப்பு வந்துவிடலாம்.

1950-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அஹ்ரென்ஸும் அவருடன் இருந்தவர்களும் இதைப் பற்றி பிரைமரி பிலியரி சிரோசிஸ் என்ற பெயரில் விரிவாக எழுதினார்கள். அந்தக் காலத்தில் நோயாளிகள் வந்து சேர்ந்ததே ஈரல் சுருங்கிப்போன பிறகுதான். அதனால் அந்தப் பெயர் அவர்களுக்குப் பொருத்தமாகத் தெரிந்திருக்கும். நோயின் முந்தைய கட்டத்தை உலகுக்குக் காட்டியதில் பெரும்பங்கு ஷீலா ஷெர்லக் என்ற பெண்ணுடையது. பெண் என்பதால் இங்கிலாந்தின் மருத்துவக் கல்லூரிகள் இடம் தராததால், ஸ்காட்லாந்துக்குப் போய் எடின்பரோவில் படித்து முதல் மாணவியாகத் தேறியவர். 1959-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பேராசிரியரானார். பிரிட்டனில் மருத்துவத்துறைப் பேராசிரியரான முதல் பெண் அவர்தான். அவருடைய ஈரல் பிரிவு ஆரம்பத்தில் மருத்துவமனைக் கூரைமேல் ஒரு மரக்கொட்டகையில் நடந்தது. 1965-ல் அவரும் டெபோரா டோனியாக் முதலானோரும் சேர்ந்து, இந்த நோயாளிகளின் ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான ஒரு புரதம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நூற்றில் தொண்ணூற்றைந்து பேரிடம் அது இருக்கும். என் கோப்பில் 'ஏ.எம்.ஏ. பாசிட்டிவ்' என்று ஒரு வரி இருக்கிறதே, அது பிறந்தது அந்தக் கண்டுபிடிப்பில்தான்.

அதே 1965-ல், இது நாளங்களின் அழற்சிதான், தொடக்கத்தில் சிரோசிஸ் கிடையவே கிடையாது என்று நோய்க்கூறு அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். ஆனாலும் பெயர் மாற இன்னும் ஐம்பது வருஷம் ஆயிற்று. 2015-ல் அது மாறியதற்கு நோயாளிகள், அதிலும் எடின்பரோவில் 1996-ல் தொடங்கிய பி.பி.சி. ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள், விடாமல் கேட்டதுதான் காரணம். இது வெறும் பெயர்ச் சண்டை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என்னுடன் கல்யாண வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். என் கோப்பில் பழைய பழக்கத்தில் யாரோ சிரோசிஸ் என்று எழுதியிருந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் என் கணவரைத் தூண் ஓரம் தள்ளிக்கொண்டு போய், "மாப்ள, தங்கச்சிக்கு அந்தப் பழக்கம் எல்லாம்..." என்று இழுத்தாராம். எங்கள் குடும்பத்தில் குடிக்கிற ஒரே ஆள் என் தம்பி. அவன் ஈரலில் ஸ்கேன் ஒரு குறையும் காட்டவில்லை!

அம்மா வழியில் வேறு வைத்தியம் நடந்தது. காமாலை என்றால் நம் ஊரில் கீழாநெல்லி. வேரோடு பறித்து, அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில். எண்ணெய், புளி, காரம் எல்லாம் தள்ளுபடி. கிராமத்தில் காமாலைக்கு மருந்து கொடுக்கிற வீடு என்று ஒன்று இருக்கும், காசு வாங்கமாட்டார்கள். இதை நான் கேலி செய்யப்போவதில்லை. சென்னையில் தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லி வகையை ஹெபடைடிஸ்-பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988-ல் லான்செட் இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியானாலும் அது கிருமிக் காமாலைக்கான பேச்சு. சாதாரணக் கிருமிக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும்; பெயர் பத்தியத்துக்குப் போகும். நாளமே அழிகிற நோய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "மோராவது உடம்புக்கு நல்லதுதானே" என்றாள்.

நான் விழுங்கும் மாத்திரையின் கதைதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. மருந்துக்கடையில் உடிலிவ் என்று கேட்டால் கிடைக்கும் அர்சோடியாக்சிகோலிக் அமிலம். 'அர்சஸ்' என்றால் லத்தீனில் கரடி. கரடிப் பித்தத்தை மருந்தாகச் சொல்லும் பழைய பதிவு சீனாவில் டாங் அரசர்கள் காலத்தில், 659-ல் தொகுத்த மருந்து நூலில் இருக்கிறது. அங்கிருந்து அது ஜப்பானுக்குப் போனது. வட ஜப்பானின் அகிடா மலைப்பகுதியில் மதாகி என்ற வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். பனிக்காலம் முடியும் நேரத்தில் கரடியை வேட்டையாடி, பித்தப்பையை எடுத்து, வாயை நூலால் கட்டி, அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். பாதி காய்ந்ததும் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். கறுத்து இறுகித் தட்டையாகும்வரை இது நடக்கும். அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக மருந்து விற்கப் போவதும் அவர்கள் தொழில்தான். எடைக்கு எடை பொன் என்பது அங்கே அதற்கு விலை. வயிற்றுவலி, அஜீரணம், ஈரல் கோளாறு எல்லாவற்றுக்கும் ஒரு துணுக்கு.

கேட்கும்போது அருவருப்பாக இருக்கிறதா? நம் வீடுகளில் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுத்த கோரோசனை என்ன? மாட்டின் பித்தப்பையில் விளையும் கல். சளி, மாந்தம் என்று எதற்கெடுத்தாலும் கோரோசனை மாத்திரை தேடியவர்கள் நாம். பித்தத்துக்குப் பித்தமே மருந்து என்ற எண்ணம் பல தேசங்களுக்குப் பொது போலிருக்கிறது.

ஸ்வீடன்காரர் ஓலோஃப் ஹம்மர்ஸ்டன் 1900களின் தொடக்கத்தில் பனிக்கரடியின் பித்தத்தில் ஒரு புது அமிலத்தைக் கவனித்தார். 1927-ல் ஜப்பானின் ஒகயாமாவில் ஷோதா என்பவர் கரடிப் பித்தத்திலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். 1950களில் ஜப்பானிய வேதியியலாளர்கள் அதைத் தொழிற்சாலையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1957-ல் மாத்திரையாகக் கடைக்கு வந்தது. மாட்டுப் பித்தத்திலிருந்து கிடைக்கும் கோலிக் அமிலத்தை எடுத்துச் சில படிகளில் மாற்றினால் கரடியின் அமிலம் வந்துவிடும். பெரும்பாலும் இன்றும் அப்படித்தான். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத என் நாத்தனார் பித்தக்கல்லுக்கு இதே மாத்திரையைப் போடுகிறாள். நான் இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் கிடைக்கும்போது கரடியை விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் 1980களில்தான் சீனாவில், உடம்பு திரும்பக்கூட இடமில்லாத கூண்டுகளில் கரடிகளை அடைத்து, வயிற்றில் குழாய் செருகி, பித்தத்தை உயிரோடு வடிக்கும் பண்ணைகள் பெருகின. நம் காடுகளின் தேன்கரடியையும் பித்தப்பைக்காகத் திருட்டு வேட்டையாடியிருக்கிறார்கள். மருந்துக்குத் தேவையில்லாமல் போன பிறகும் நடந்த கொடுமை இது. இதற்குப் பாரம்பரியம் என்ற பெயரைச் சாக்காக ஏற்க முடியாது.

மாத்திரை ஜப்பானில் பல வருஷம் ஜீரண டானிக் போலத்தான் இருந்தது. 1975 வாக்கில் அது பித்தக்கல்லைக் கரைப்பது தெரிந்தது. கல்லுக்காக இதைச் சாப்பிட்டவர்களில் ஈரல் அழற்சியும் இருந்தவர்களுக்கு ரத்த எண்கள் இறங்குவதை ஜெர்மனியில் லாய்ஷ்னர் கவனித்தார். 1987-ல் பாரீஸில் ரவுல் புப்போன் 15 பி.பி.சி. நோயாளிகளுக்கு இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்த முடிவை லான்செட்டில் எழுதினார். 1991-ல் இன்னும் பெரிய சோதனை. 1997-ல் அமெரிக்கா இந்த நோய்க்கு அதை அனுமதித்தது. மனிதப் பித்தத்தில் உள்ள மற்ற அமிலங்கள் சோப்புபோல் செல்களைக் கரைக்கும் தன்மை கொண்டவை. கரடியின் அமிலம் அவ்வளவு காரமில்லை. அது கூடக்கூட மற்றவற்றின் காரம் நீர்த்துப்போகிறது, பித்தமும் கொஞ்சம் நன்றாக ஓடுகிறது. எடைக்குக் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம், ஆயுள் முழுவதும். ஆரம்பத்திலேயே தொடங்கி, மருந்து கேட்கிற உடம்பாகவும் இருந்துவிட்டால், பலர் சாதாரண ஆயுளையே வாழ்கிறார்கள்.

எனக்கும் எண் இறங்கியது. அரிப்பு இறங்கவில்லை. இந்த மாத்திரை நோயைத் தள்ளிப்போடும், அரிப்புக்கு அதிகம் உதவாது என்பது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டைப் பார்த்து, "சூப்பர், நல்லா இருக்கீங்க" என்பார்கள். நான் முழுக்கைச் சட்டையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

தேங்கிய பித்த உப்பு தோலில் படிவதால்தான் அரிக்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் அரிப்புக்குக் கொடுத்துப் பார்த்தது கோலெஸ்டிரமின். குடலில் பித்த உப்பைப் பிடித்துக்கொண்டு வெளியேறும் ஒரு பிசின் பொடி. காமாலை அரிப்புக்கு இது உதவுவதாக 1961-ல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் எழுதினார்கள். பொடியைப் பழச்சாறில் கலக்கினால் கரையாது, பல்லில் நெறுநெறுக்கும். ராத்திரி முழுக்கப் பித்தப்பையில் சேர்ந்த பித்தம் காலைச் சாப்பாட்டோடு இறங்குவதால், இட்லிக்கு முன்னும் பின்னும் குடிக்க வேண்டும். அது பித்த உப்பை மட்டுமல்ல, மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே கரடி மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளி இடம் ஒதுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கால அட்டவணை போட்ட அனுபவம் எனக்கு இதற்குத்தான் உதவியது.

அடுத்தது ரிஃபாம்பிசின். காசநோய் மருந்து. அது அரிப்பைக் குறைப்பது 1980களில் தெரிய வந்தது. 1988-ல் கனடாவில் முறையாகச் சோதித்தார்கள். என்னைக் காப்பாற்றியது இதுதான். சாப்பிட்ட சில நாட்களில் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகும், கண்ணீர்கூட நிறம் மாறும். ஈரலைக் கண்காணிக்க அடிக்கடி ரத்தம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சிலருக்கு இதுவே ஈரலைக் கெடுக்கும். நம் நாட்டில் இதற்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. சட்டப்படி மருந்துக்கடைக்காரர் வாங்குகிறவர் பெயரைக் குறித்துவைக்க வேண்டும். ஒரு நாள் சுகாதாரப் பணியாளர் பெண் ஒருத்தி வாசலில் நின்றாள். "அக்கா, எத்தனை நாளா இருமல்? சளி டெஸ்ட் எடுத்தீங்களா?" எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. உட்காரவைத்து, காபி கொடுத்து, பித்தநாளத்தைப் படம் போட்டு விளக்கினேன். அவள் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தாள். ஆனால் எதிர்வீட்டில் ஒரு மாதம் டம்ளரை எனக்குத் தனியாக வைத்திருந்தார்கள்.

உடம்பே சுரக்கும் அபின் போன்ற பொருள் மூளையில் அரிப்பைக் கிளப்புகிறதோ என்று அமெரிக்காவில் ஆந்தனி ஜோன்ஸும் நோரா பெர்காசாவும் ஆராய்ந்தது 1990களில். அவர்கள் செய்த ஒரு காரியத்துக்காக அவர்களை எனக்குப் பிடிக்கும். எவ்வளவு அரிக்கிறது என்று நோயாளியிடம் கேட்பதோடு நிற்காமல், விரல் நகத்தில் ஒரு மெல்லிய உணரித் தகட்டை ஒட்டி, ராப்பகலாக எத்தனை தடவை சொறிகிறார்கள் என்று கருவியைக் கொண்டே அளந்தார்கள். மனசுதான் காரணம் என்று சொல்லும் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அபினை எதிர்க்கும் மருந்து கொடுத்தபோது சொறிவது குறைந்தது. நால்ட்ரெக்சோன் இப்போது மூன்றாவது படி மருந்து. 2010-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், ஆட்டோடாக்சின் என்ற நொதியும் அது உண்டாக்கும் ஒரு கொழுப்புப் பொருளும் அரிப்போடு ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். பித்த உப்பின் அளவு அப்படி ஒத்துப்போகவில்லை. ஆக, நூறு வருஷம் சந்தேகப்பட்ட குற்றவாளி தனியாக இதைச் செய்யவில்லை.

புது மருந்துகளில் ஒபெட்டிகோலிக் அமிலம் 2016-ல் வந்தது. எண்ணைக் குறைத்தது, அரிப்பைப் பலருக்குக் கூட்டியது! கடைசியில் வேறு காரணங்களுக்காக ஐரோப்பா அனுமதியை ரத்து செய்தது, 2025-ல் அமெரிக்காவிலும் விலக்கிக்கொண்டார்கள். 2024-ல் வந்த செலடெல்பார் சோதனையில் ரத்த எண்ணோடு சேர்த்து அரிப்பையும் ஒரு முக்கிய அளவாக வைத்துப் பார்த்தார்கள். அதைக் குறைக்கவும் செய்தது. அடிசன் காலத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்.

அசதியைப் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் அதற்கு மருந்தின் வரலாறே இல்லை. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, மதியம் இரண்டு மணிக்குச் சுண்ணாம்புக்கட்டியைப் பிடிக்க முடியாத கை. ஈரல் மாற்று சிகிச்சைகூட இதை எல்லோருக்கும் நீக்குவதில்லை. அரிப்பு அப்படியல்ல. ஈரல் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்தாலும், எந்த மருந்துக்கும் அடங்காத அரிப்பு ஒன்றுக்காகவே மாற்று ஈரல் பொருத்தலாம் என்று மருத்துவ வழிகாட்டிகள் ஒத்துக்கொள்கின்றன. அந்த அளவுக்குக் கனமான ஒரு அறிகுறியைத்தான் களிம்பு பூசி அனுப்பிவைக்கிறோம்.

தோலில் ஒன்றும் தெரியாமல், ராத்திரியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் மாதக்கணக்கில் அரிக்கிறது என்றால், அதுவும் நாற்பது தாண்டிய பெண் என்றால், ஈரல் பரிசோதனை ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அல்கலைன் பாஸ்படேஸ் வரியைப் பாருங்கள்; ஏறியிருந்தால் ஏ.எம்.ஏ. கேளுங்கள். சின்ன ஊர் ஆய்வுக்கூடத்திலும் முதல் பரிசோதனை நடக்கும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அடுத்த முறை டாக்டர் எண்ணைப் பார்த்துச் சிரிக்கும்போது, முழுக்கையை மடித்துக் காட்டுங்கள்.